பத்திரிகைக்கு இரண்டணா

மாரிகுப்பம், 1903 ஜூலை 4, சனி.

குடும்பக் கடனை அண்ணனும் நானும்தான் அடைக்கிறோம். பள்ளிக்கூட உபாத்தியாயினியாக நான் வாங்கும் சம்பளத்தில் தவணைக்கென்று அண்ணன் கையில் கொடுத்தது போக, மாதம் இரண்டணாவைப் பத்திரிகைக்கு ஒதுக்குகிறேன். எனக்கென்று அது ஒன்றுதான். இன்று தபாலில் அது வந்ததை அண்ணன் பார்த்துவிட்டான்.

"கடன் கழுத்த நெரிக்குது, உனக்கு இன்னாத்துக்குமே பொஸ்தகம்?"

"நேத்து எட்டணாவுக்குக் குடிச்சியே, அது இன்னாண்ணா?"

"தெனம் கேஜுக் கூண்டுல சொரங்கத்துக்குள்ள எறங்கற ஒடம்புமே. அது மருந்து."

அண்ணியும் தலையாட்டினாள்.

மருந்தாம்! அம்மாவின் மருந்துக்கு வாங்கியதுதானே இந்தக் கடன்? அந்த வார்த்தையைச் சாராயத்துக்கு வைக்க அவனுக்கு நாக்கு கூசவில்லையே. சுரங்கத்தில் அவன் படும் பாடு தெரியும் என்பதால்தான் இத்தனை நாள் வாய் திறக்காமல் இருந்தேன். இனி என் சம்பளத்தை அவன் கையில் கொடுக்க மாட்டேன். என் பங்கை நானே போய்க் கட்டுவேன், இரண்டணாவை முதலில் எடுத்துக்கொண்டு. அவன் கத்தட்டும்.