விரிப்போடு போன சீட்டு

என் வீட்டுக்காரருக்கு வணக்கம். நான் சுகம். உங்கள் முதுகுவலி தேவலையா? அத்தை மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார்களா?

பயப்பட ஒன்றுமில்லை, வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் விரிப்பு மடித்துக்கொண்டே இந்த நாட்டில் நர்ஸ் வேலைக்கான ஆங்கிலப் பரீட்சைக்குப் படிக்கிறேன். பேங்க் என்றால் ஆற்றங்கரையுமாம், ஸ்கூல் என்றால் மீன்கூட்டமுமாம். விரிப்புக்கு ஒரு சீட்டு, சீட்டுக்கு ஒரு சொல். மடித்து முடிப்பதற்குள் அந்தச் சொல் மனப்பாடமாக வேண்டும். நேற்று ஒரு சீட்டு மடிப்புக்குள்ளேயே வார்டுக்குப் போய்விட்டது. அங்கிருந்து திரும்பி வந்த அதை மேற்பார்வைக்காரி எல்லோர் முன்னாலும் ஆட்டிக் காட்டி, "துணி மடிக்கிறவளுக்கு இங்கிலீஷ் ஒரு கேடா?" என்றாள். அவளும் தமிழ் பேசுகிறவள்தான்!

"ஊர்ல ஆறு வருஷம் நர்ஸா இருந்தவ நான். நீங்க முதல்ல தமிழ்ல மரியாதையா பேசக் கத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டேன். மீதிச் சீட்டுகளையும் பிடுங்கிக் குப்பையில் போட்டாள். போடட்டும். எல்லாவற்றையும் மறுபடி எழுதிவிட்டேன்.

சீட்டு வைக்க, உள்ளே பை வைத்துத் தைத்த பாவாடை இரண்டு அனுப்புங்கள். பெரியவளை ஞாயிறுதோறும் போனில் என்னைக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். தப்பாகச் சொன்னால் நன்றாகத் திட்டட்டும். வீட்டு ஆள் வாயால் திட்டு வாங்கி இரண்டு வருடமாகிறது. இங்கே திட்டுகிறவர்களெல்லாம் யாரோ.

மெஷின் நின்றுவிட்டது, ஓடுகிறேன்.

இப்படிக்கு,
நர்ஸ்.