கதவுக்கு முட்டுக் கொடுத்த கல்

அன்புள்ள மகளுக்கு அப்பா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுதினால் நீ நம்பப்போவதில்லை, ஆகவே முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் நலம் என்று எழுதுகிறேன். அங்கே நீயும் உன் வீட்டுக்காரரும் குழந்தையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று சேதி வந்தால் முழங்காலும் சேர்ந்து நலமாகிவிடும். போனில் நீ சாப்பிட்டீங்களா என்பாய், நான் சாப்பிட்டேன் என்பேன், மாத்திரை போட்டீங்களா என்பாய், போட்டேன் என்பேன், அதற்குள் அங்கே குழந்தை அழ ஆரம்பித்துவிடும், இங்கே எனக்கும் பேச்சு தீர்ந்துவிடும். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். குளியலறைக் குழாய் மறுபடியும் சொட்டுகிறது. குழாய்க்காரர் நாளைக்கு வர்றேன் சார் என்கிறார், அவருடைய நாளை எந்தக் கிழமையில் வரும் என்று தெரியவில்லை. மாடி அறையைப் பூட்டிவிட்டேன், கூட்டிப் பெருக்க எனக்குத் தெம்பில்லை. சமையலறைக் கதவு காற்றுக்கு அடித்துக்கொண்டே இருந்தது, இப்போது ஒரு பழைய அகராதியை முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறேன். அங்கே இருந்த கருப்புக் கல் எங்கே என்று கேட்பாய், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

அம்மா போன பிறகு அப்பா ஒண்டியாகக் கிடக்கிறார், அவரை விட்டுவிடாதீர்கள் என்று அம்மா படித்த பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர் சங்கத்துக்கு நீ எழுதினாய் அல்லவா, அதை அவர்கள் ரொம்பச் சிரத்தையாக எடுத்துக்கொண்டுவிட்டார்கள். கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்காதேம்மா, கோபப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டும். நான் அந்தப் பல்கலைக்கழகத்தில் ஒரு நாள்கூடப் படித்தவன் இல்லை, ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் படித்துவிட்டுச் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கப் போனவன். உன் அம்மாவின் பையைத் தூக்கிக்கொண்டுதான் அந்த வாசலுக்குள்ளேயே நுழைந்தேன். ஆனால் வருஷா வருஷம் ஆண்டுக் கூட்டத்தில் அவளுடைய ஜியாலஜி வகுப்புக்காரர்களின் மேசையில் எனக்கு ஒரு நாற்காலி உண்டு. கல்யாணத்துக்கு அவர்கள் எல்லோரும் பெண் வீட்டார் என்று சொல்லிக்கொண்டு வந்து இறங்கினார்கள், அன்றைக்கு என்னை மாப்பிள்ளை என்று கூப்பிட ஆரம்பித்தவர்கள் தலை நரைத்த பிறகும் நிறுத்தவில்லை. அதனால்தான் உன் வீட்டுக்காரருக்கு அந்தப் பட்டத்தை நான் இன்னும் முழுசாக விட்டுக்கொடுக்காமல் இருக்கிறேன். அந்த மேசைக்கு ஒரு வழக்கம் இருப்பது உனக்கு அரைகுறையாக ஞாபகம் இருக்கும். ஒவ்வொருவரும் ஒரு கல் கொண்டுவந்து நடுவில் வைக்க வேண்டும், மற்றவர்கள் லென்ஸை வைத்துப் பார்த்து, தட்டிப் பார்த்து, தேவைப்பட்டால் நாக்கால் நக்கியும் பார்த்து அது என்ன கல் என்று சொல்ல வேண்டும். ஒருவராலும் சொல்ல முடியவில்லை என்றால் கொண்டுவந்தவருக்கு ஒரு புள்ளி. கல் இல்லாமல் வந்தவருக்கு நாற்காலி கிடையாது. கணவன் மனைவியாக வருகிறவர்களில் படித்தவர் கொண்டுவந்தால் போதும், நான் புள்ளி எழுதும் வேலையைப் பார்த்துக்கொண்டேன், வாத்தியார் கை நடுங்காமல் கோடு போடும் என்பார்கள். அம்மாவுக்கு அங்கே பெயர் கூழாங்கல், ஆள் சின்னவள் என்பதால். அவளிடம் ஏமாறாதவர் அந்த மேசையில் யாரும் இல்லை.

உன் கடிதம் போன பிறகு சங்கச் செயலாளர், அவர் நல்ல பையன், என்னை நேரிலேயே வந்து பார்த்தார். துணையை இழந்தவர்களுக்கென்று தனியாக ஒரு வட்டம் தொடங்கியிருக்கிறோம், மாதம் ஒருமுறை நூலகத்துப் பக்க அறையில் கூடுகிறோம், நீங்க அவசியம் வரணும் சார் என்றார். போனேன். நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். மெல்லிய குரலில் பேசுகிற ஆலோசகர் ஒருவர் கண்ணை மூடுங்க, மனசுல இருக்கிற பாரத்தை இறக்கி வைங்க என்றார். பாரத்தை இறக்கி வைக்க இரண்டு மாடி ஏற வேண்டியிருந்தது, லிஃப்ட் ஓடவில்லை. பக்கத்து நாற்காலியில் ஒரு அம்மா, தையல் கடை வைத்திருக்கிறவர், கணவர் அங்கே கட்டடப் பொறியியல் படித்தவராம். கண்ணை மூடிக்கொண்டே என் பக்கம் சாய்ந்து, எங்க வீட்டுக்காரர் இருந்த வரைக்கும் இந்த யுனிவர்சிட்டி என்னை ஒரு வாய் டீ குடிக்கக் கூப்பிடல சார், அவர் போனப்புறம் மாசாமாசம் கூப்பிடுது, நான் எதுக்கு விடணும் என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஆலோசகர் அழுகை என்று நினைத்துக்கொண்டு டிஷ்யூ நீட்டினார். அந்த அம்மாவுக்கு வட்டம் நல்லது செய்கிறது, பொய் சொல்லக்கூடாது. எனக்குத்தான் வீட்டுக்கு வந்தால் கொண்டுபோன பாரத்தோடு பஸ் அலுப்பும் சேர்ந்துகொள்ளும். நீ ஏற்பாடு செய்தாயே என்று விடாமல் போனேன்.

பள்ளிக்கூடத்தில் எங்கள் தலைமையாசிரியர் ஒருவர் இருந்தார், தங்கமானவர். கண்ணாடி போட்ட பிள்ளைகளுக்குக் கரும்பலகை தெரிய வேண்டும் என்று அவர்களை மட்டும் எழுப்பி முன் பெஞ்சில் வரிசையாக உட்கார வைத்தார். கரும்பலகை நன்றாகத் தெரிந்தது. ஆனால் ஒரு பெண் குழந்தை மறுநாளிலிருந்து கண்ணாடியைப் பைக்குள் ஒளித்துக்கொண்டு வந்தாள், ஏன் என்று கேட்டால், என் ஃபிரண்டு மூணாவது பெஞ்சுல இருக்கா, ஹெட்மாஸ்டர் கிட்டே சொல்லாதீங்க சார் என்றாள். இந்த வருஷம் ஆண்டுக் கூட்டத்துக்குப் போனபோது அந்தக் குழந்தை என் நினைவுக்கு வந்தாள். வாசலிலேயே என் சட்டையில் துணைவர் வட்டம் என்று ஒரு அட்டையைக் குத்திவிட்டார்கள். எங்கள் மேசை ஜன்னலோரம், பூ வைத்து, நடக்கச் சிரமம் இருக்கக்கூடாது என்று கழிப்பறைக்குப் பக்கத்தில். ஒன்றும் குறை சொல்ல முடியாது. அங்கிருந்து பார்த்தால் மண்டபத்தின் அந்தக் கோடியில் ஜியாலஜி மேசை தெரிந்தது, சிரிப்புச் சத்தம் கேட்டது. யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் இல்லாத பிறகு அவர்களுக்கு நான் யார், வெறும் புள்ளி எழுதுகிறவன், பேனா வேறு யாரிடமாவது இருக்கும் என்று எண்ணிக்கொண்டேன். டீ குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவது, இனிமேல் இந்தப் பக்கம் வருவதில்லை என்று முடிவும் பண்ணிவிட்டேன். உன்னிடம் இதைச் சொல்லியிருக்கமாட்டேன், நன்றாக நடந்தது என்றுதான் போனில் சொல்லியிருப்பேன்.

எழுந்து பையை எடுக்கும்போது ஜியாலஜி மேசையிலிருந்து சுத்தி என்கிறவர் வந்து நின்றார். சுத்தியல் இல்லாமல் எங்கும் போகாதவர் என்பதால் வகுப்பில் அவருக்கு அந்தப் பெயர், அம்மாவுக்கு விடுதியில் அறைத் தோழி. என்ன மாப்பிள்ளை, பொண்ணு வீட்டு மேல கோவமா, வந்து எவ்ளோ நேரமாச்சு, எட்டிக்கூடப் பார்க்கல என்று சண்டைக்கே வந்துவிட்டார். நீங்கதான் கூப்பிடல என்றேன். நீங்களா இந்த மேசை வேணும்னு கேட்டீங்கன்னு சங்கத்துக்காரங்க சொன்னாங்க, அவ ஞாபகம் வருமேன்னு ஒதுங்குறீங்கபோலன்னு நாங்க வாயை மூடிக்கிட்டு இருந்தோம் என்றார். செயலாளர் ஓடிவந்தார். சார், இந்த வருஷம் இடம் பத்தல, வகுப்பு மேசைங்க படிச்சவங்களுக்கும் கூட வர்ற துணைக்கும்தான், சார் இப்ப யார் கூடவும் வரல இல்லையா என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். பாவம், முகம் வெளுத்துப்போயிற்று. சுத்தி என்னைப் பார்த்து, எங்க மேசை சட்டம் வேற, கல்லு இருந்தா நாற்காலி, மாப்பிள்ளை கையில கல்லு இருக்கா என்றார். இருந்தது. எப்படி என்று கேட்பாய். வீட்டை விட்டுக் கிளம்பும்போது அவளுடைய பையைத்தான் தோளில் மாட்டினேன், எப்போதும் நான்தானே தூக்குவேன். ஒரு கல்லும் இல்லாமல் பை லேசாக இருந்தது, எனக்குப் பிடிக்கவில்லை. மாடிக்குப் போய் அவளுடைய பெட்டிகளைத் திறக்க மனசு வரவில்லை, சமையலறைக் கதவடியில் கிடந்ததை எடுத்துப் போட்டுக்கொண்டேன். அவ்வளவுதான், வேறு யோசனையே கிடையாது. தையல்கார அம்மா அந்தப் பையைப் பார்த்துவிட்டு, போங்க சார், உங்களுக்கு அங்க ஆள் இருக்கு, எனக்கு இதுதான் மேசை, நான் பார்த்துக்கிறேன் என்று என் டீயையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

வீட்டுக் கதவுக்கு முட்டாக இருந்தது என்று சொல்லிக் கல்லை எடுத்து நடுவில் வைத்தேன். கருப்பாக, கனமாக, உடம்பெல்லாம் ஊசி குத்தினதுபோலத் துளை. ஒருவர் எரிமலைக் குழம்பு ஆறின கல் என்றார். தடிக் கண்ணாடிக்காரர் ஒருவர், அவருக்கு லென்ஸ் என்றே பெயர், வானத்திலிருந்து விழுந்தது, விண்கல்லேதான், மாப்பிள்ளை புதையலைக் கதவுக்கு வெச்சிருந்தாரு என்று எழுந்தே நின்றுவிட்டார். இன்னொருவர் நக்கிப் பார்த்து முகத்தைச் சுளித்தார், அதில் மண்ணெண்ணெய் பட்டிருந்ததை நான் சொல்லவில்லை. கடைசியில் எல்லோரும் கையை விரித்தார்கள். நீங்களே சொல்லுங்க என்றார்கள், எனக்கு என்ன தெரியும், எங்க வீட்டுக் கதவைத்தான் கேட்கணும் என்றேன். ஆட்டம் முடிந்தது என்றான பிறகுதான் சுத்தி அதைத் தன் சுத்தியலால் ஓரத்தில் ஒரு தட்டுத் தட்டி, உடைந்த இடத்தை வெளிச்சத்தில் பிடித்தார். உள்ளே பச்சைக் கண்ணாடி மாதிரி மின்னியது. சுத்தி உட்கார்ந்துவிட்டார். இது கல்லே இல்லடா, பழைய இரும்பு உலையில உருக்கும்போது மேல மிதக்கிற கசடு, ரயில் பாதைக்குப் பின்னாடி கொட்டிக் கிடக்கும், கூழாங்கல் நமக்குன்னே பொறுக்கி வெச்சிருக்கா என்றார். எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. படுக்கையில் விழுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் அவள் இதைத் தூக்கிக்கொண்டு வந்து, இது கதவுக்கு இல்ல, அடுத்த கூட்டம் வரைக்கும் இங்க இருக்கட்டும், யார் கேட்டாலும் மூச்சு விடாதீங்க என்றாள். அடுத்த கூட்டத்துக்கு அவள் எழுந்திருக்கவில்லை. நான் கதவைத் திறக்கும்போதெல்லாம் காலால் தள்ளிக்கொண்டிருந்தேன். அந்த மேசையில் சிரித்தார்கள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்கள், லென்ஸ் மட்டும் ஏமாத்துக்காரி, போனப்புறமும் ஏமாத்துறா என்று திட்டிக்கொண்டே இருந்தார்.

பேனாவை என்னிடம் கொடுத்தார்கள். நான் கூழாங்கல் என்று எழுதிப் பக்கத்தில் புள்ளி வைக்கப் போனேன். சுத்தி கையைப் பிடித்துக்கொண்டார். அது சட்டம் இல்ல, கொண்டுவந்தவருக்குத்தான் புள்ளி என்றார். இரண்டு பேர் அவளுக்குத்தான் என்றார்கள், கொஞ்ச நேரம் உண்மையாகவே சண்டை. கடைசியில் மாப்பிள்ளை என்று தனியாக ஒரு பத்தி போட்டு, என் கையாலேயே ஒரு புள்ளி வைத்தேன். போட்ட கோடு கொஞ்சம் கோணலாகிவிட்டது. ஜெயித்த கல் துறை அலமாரிக்குப் போவது வழக்கம், அதனால்தான் நம் வீட்டுக் கதவில் அகராதி. கிளம்பும்போது சுத்தி வாசல் வரை வந்து, மாப்பிள்ளை, இனிமே உங்களுக்குத் துணைக் கணக்குக் கிடையாது, அடுத்த வருஷம் உங்க சொந்தக் கல்லோட வாங்க, இல்லாட்டி நின்னுக்கிட்டுத்தான் சாப்பிடணும் என்றார். செயலாளரிடம் நான் ஒன்று சொல்லிவிட்டு வந்தேன், அடுத்த முறை ஒவ்வொருவரையும் எந்த மேசையில் உட்கார ஆசை என்று முதலில் கேளுங்க தம்பி, அப்புறம் பூ வைங்க என்று. நீங்களே போன் பண்ணிக் கேட்டுக் கொடுக்கறீங்களா சார் என்று என் தலையிலேயே கட்டிவிட்டார். அலுப்பாகத்தான் இருக்கிறது, நாளைக்குத் தொடங்க வேண்டும்.

கண் வலிக்கிறது, நிறுத்துகிறேன். நீ வேலை முடிந்து வந்த பிறகு நேரத்துக்குச் சாப்பிடு, குழந்தை தூங்கும்போது நீயும் தூங்கு, உன் வீட்டுக்காரருடன் சின்ன விஷயத்துக்கெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. உங்கள் மூவரின் வீட்டில் சிரிப்புச் சத்தம் குறையாமல் இருக்கட்டும் என்று இரண்டு கையையும் உயர்த்தி ஆசீர்வதிக்கிறேன். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. உன் ஊர்த் தெருவிலிருந்து கைக்கு அடங்குகிற மாதிரி ஒரு கல் அனுப்பு. கடையில் வாங்காதே, கழுவாதே, பார்க்கச் சாதாரணமாக இருக்க வேண்டும். அது என்ன கல் என்று தெரிந்தாலும் எனக்குச் சொல்லிவிடாதே, என் முகத்தைப் பார்த்தே லென்ஸ் கண்டுபிடித்துவிடுவார்.

இப்படிக்கு,
உன் அப்பா,
அந்த மேசையில் இன்னும் மாப்பிள்ளை.