அறுபத்து நாலு வீட்டுக்கும் ஒரே பாஸ்வேர்ட்

ஜனவரி 12
மாதவா அடுக்ககத்தோடு ஒப்பந்தம் இந்த மாதம் முடிகிறது. அறுபத்து நான்கு வீடு. என் இன்டர்நெட் தொழிலில் பாதி அந்த ஒரு கட்டடம்தான். பெரிய கம்பெனிக்காரன் ஒருவன் டை கட்டிக்கொண்டு வந்து, சங்கத் தலைவர் அழகியமணவாளன் மாமாவுக்குக் காலண்டரும் இனிப்புப் பெட்டியும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். 19ஆம் தேதி கூட்டத்தில் முடிவு. உறையூரில் ரீசார்ஜ் கார்டு விற்று மேலே வந்தவள் நான், ஒரு டைக்குப் பயப்படுவேனா?
கொஞ்சம் பயம்தான்.

ஜனவரி 13, போகி
காலை பத்து மணிக்கு மொத்தக் கட்டடத்துக்கும் நெட் போய்விட்டது. மாமா மட்டும் ஏழு தடவை போன். "ஏம்மா வள்ளிக்கண்ணு, போகியில நெட்டையும் சேர்த்துக் கொளுத்திட்டியோ?"

நானும் லைன்மேன் சுடலைமுத்து அண்ணனும் பதினைந்து நிமிடத்தில் அங்கே நின்றோம். தெருவிலிருந்து வரும் கேபிள் சரி. அதை வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் மாடிப்படிப் பெட்டியும் சரி. லேப்டாப்பைப் பெட்டியில் செருகினால், நெட் வர என் கருவி கொடுக்க வேண்டிய ஐ.பி. முகவரியை வேறு எவனோ கொடுக்கிறான்! புரிந்துவிட்டது. போகிக்கு வீடு துடைக்கிறேன் என்று யாரோ ரூட்டரைக் கழற்றி, வெளி ஒயரை வீட்டு ஒயருக்கான ஓட்டையில் செருகிவிட்டார்கள். அப்படிச் செய்தால் அந்த ரூட்டர் தானே முதலாளி என்று நினைத்துக்கொண்டு, கட்டடம் முழுக்க முகவரி வாரி வழங்கும். வாங்கியவனுக்கு நெட் வராது.

சரி, எந்த வீடு? அறுபத்து நான்கு கதவையும் தட்டவா? மூளை வேலை செய்தது. லேப்டாப்பிலிருந்தே அந்த ரூட்டருக்குள் புகுந்தேன். கஷ்டமில்லை. எல்லா ரூட்டருக்கும் நான் போட்டது ஒரே பாஸ்வேர்ட்தானே. அதன் வைஃபை பெயரை ஆங்கில எழுத்தில் "நெட் திருடன் இங்கே" என்று மாற்றிவிட்டு, போனைக் கையில் பிடித்து மாடி மாடியாக நடந்தேன். எங்கே சிக்னல் முழுசாக நிற்கிறதோ, அங்கே ஆள்.

சுடலைமுத்து அண்ணன், "வேணாம்மா, யார் வீடோ என்னமோ" என்றார். கேட்டேனா?

மூன்றாவது மாடி. 302. அழகியமணவாளன் மாமா வீடு.

அதற்குள் அக்கம்பக்கத்துப் போனிலெல்லாம் பெயர் தெரிந்து, எதிர் வீட்டு ஆள் சிரித்துக்கொண்டே வெளியே வந்துவிட்டார். மாமாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "என் ஆத்துல திருடனா? தலைவர் ஆத்துல?" ஒயரை மாற்றிச் செருகினேன், எல்லா வீட்டுக்கும் நெட் வந்தது. யாரும் நன்றி சொல்லவில்லை.

அவர் மனைவி வேதவதி மாமி பேங்கில் ஆடிட் பார்த்து ரிட்டையர் ஆனவர். சத்தமே போடாமல் ஒன்று கேட்டார். "வெளியில நின்னுண்டு எங்காத்து ரூட்டருக்குள்ள எப்படி வந்தே? எல்லா ஆத்துக்கும் அதே பாஸ்வேர்டா?"
"ஐயோ, இல்லைங்க மாமி. தனித்தனிதான்."
பொய்.

ஜனவரி 14
பொங்கல். வருஷா வருஷம் வாழ்த்து அனுப்புகிற மாமா இந்த வருஷம் அனுப்பவில்லை.

ஜனவரி 16
மாமி என் கடைக்கு வந்தார். கரும்பு ஜூஸ் வேண்டாம் என்றார். "வைஃபை மட்டும் போதும்" என்று பத்து நிமிடம் போனை நோண்டிவிட்டு, "வரேன்" என்று கிளம்பினார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

மதியம் பக்கத்து மருந்துக் கடை ரோஷன் பேகம் அக்கா சிரிப்பில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருகிறார். "வள்ளி, உன் கடை வைஃபை பேரைப் பாரு!"
"நெட் திருடி இங்கே."
உள்ளே போய் மாற்றலாம் என்றால் பாஸ்வேர்ட் செல்லவில்லை. காலையில் போனை நோண்டிய மாமி அதையும் மாற்றியிருக்கிறார்!

எப்படி? சுடலைமுத்து அண்ணன் தலையைச் சொறிந்தார். "மறந்துடக் கூடாதுன்னு ஒவ்வொரு ரூட்டருக்கு அடியிலயும் எழுதி ஒட்டுவேன்ல... மாமி திருப்பிப் பாத்திருப்பாங்க." அதே பாஸ்வேர்டைக் கடையில் போட்டுப் பார்த்திருக்கிறார். திறந்திருக்கிறது. திறக்காமல் என்ன செய்யும்? கடைக்கும் அதுதானே போட்டேன்.

அண்ணனைத் திட்ட வாய் வரவில்லை. அறுபத்து நான்கு வீட்டுக் கதவையும் ஒரே சாவியால் பூட்டிவிட்டு, அந்தச் சாவியை வாசலிலேயே ஒட்டி வைத்திருக்கிறேன். நான் விளையாட்டுக்குச் செய்ததை ஒரு கேடி செய்திருந்தால்? போச்சு. 19ஆம் தேதி டைக்காரன்தான் ஜெயிக்கப் போகிறான்.

ஜனவரி 19
கூட்டம். மாமா டைக்காரனைப் பற்றிப் புகழ்ந்து முடித்ததும் மாமி எழுந்தார்.
"இவ எங்கிட்ட பொய் சொன்னா. தப்பு. ஆனா போகியன்னிக்கு அந்தக் கம்பெனிக்கும் போன் பண்ணிப் பாத்தேன். ஒண்ணை அமுக்கு, ரெண்டை அமுக்குன்னு ஒரு மிஷின் சொல்லித்து. இன்னும் அமுக்கிண்டே இருக்கேன். இவ கால்மணி நேரத்துல வந்து நின்னா."
மாமா முனகினார், "என்னைத் திருடன்னாளே..."
"ஒயரை மாத்திச் சொருகினது யாரு?"
சபை சிரித்தது. ஒப்பந்தம் எனக்கே. ஆனால் நிபந்தனை: வீட்டுக்கு வீடு தனிப் பாஸ்வேர்ட், வீட்டுக்காரரே போட வேண்டும், அடியில் சீட்டு கூடாது. கடைசி வீடு முடிகிறவரை என் கடை வைஃபை பெயர் அப்படியே இருக்க வேண்டும்.

ஜனவரி 27
நாற்பத்தொரு வீடு முடிந்தது. மாடிப்படிப் பெட்டியிலும் வீட்டு ரூட்டர் முகவரி கொடுக்க முடியாதபடி தடுத்துவிட்டேன். அந்த வசதி முதலிலிருந்தே அதில் இருந்ததுதான். சோம்பல்.
கடை ரூட்டரின் பின்னால் ரீசெட் பொத்தான் இருக்கிறது. பத்து வினாடி அமுக்கினால் பெயர் போய்விடும். நேற்று விரலை வைத்தேன். எடுத்துவிட்டேன்.

பிப்ரவரி 8
302தான் கடைசி. மாமி என்னைச் சுவர்ப்பக்கம் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டுப் பாஸ்வேர்டை அடித்தார். மாமா காபி கொடுத்தார். "திருடன் ஆத்துக் காபி, குடி" என்றார். பிறகு மாமி என் கடை பாஸ்வேர்டைக் காதில் சொன்னார்.

கடைக்கு வந்து உள்ளே நுழைந்தேன். பெயரை மாற்ற மனம் வரவில்லை. "யாருங்க அந்த நெட் திருடி?" என்று கேட்டு வந்தவர்களில் ஐந்து பேர் கனெக்‌ஷன் எடுத்துவிட்டார்கள். இருந்துவிட்டுப் போகட்டும்.

பாஸ்வேர்டை மட்டும் மாற்றினேன். எங்கேயும் எழுதி ஒட்டவில்லை. இந்த நோட்டிலும் எழுதப் போவதில்லை.