உண்ணி கடித்த இடம்

ரஞ்சன்குடி,
புரட்டாசி முதல் சனி

அன்புள்ள மாமாவுக்கு,

மணிமொழி வணக்கத்துடன் எழுதுவது. நானும் பாப்பாவும் நலம். மக்காச்சோளம் முழங்கால் உயரம் வந்துவிட்டது. நான் கூப்பிட்டால் நீங்கள் போனை எடுப்பதில்லை. அது நியாயம்தான். அதனால் இந்தக் கடிதத்தை, லீவு முடிந்து போலந்து திரும்பும், உங்களோடு ஒரே ரூமில் இருக்கும் செல்லதுரை அண்ணனிடம் கொடுத்து அனுப்புகிறேன். அவர் வந்து சொன்ன பிறகுதான் எனக்கு எல்லாம் தெரிந்தது.

ஆடியில், ஆப்பிள் தோட்டத்தில் உண்ணி கடித்ததென்று கால் போட்டோ அனுப்பினீர்கள். நடுவில் ஒரு புள்ளி, சுற்றிலும் சிவந்த வட்டம். நம் செவலை மாட்டின் காதில் கொத்தாகத் தொங்குகிறதே, அது என்ன ஆஸ்பத்திரிக்கா போகிறது என்று கேலி செய்தேன். அந்த வாரமே ரத்தம் பார்த்து ஒன்றுமில்லை என்று வந்ததும், ஜெயித்தவள் மாதிரி பேசினேன். வட்டமும் தானாக மறைந்தது.

நேற்று பெரம்பலூர் போய் டாக்டரம்மாவிடம் கேட்டேன். அந்த டெஸ்ட், உண்ணி ஏற்றிவிட்ட கிருமியைத் தேடாதாம். கிருமியை எதிர்க்க உடம்பு தயாரிப்பதைத்தான் தேடுமாம். அது ரத்தத்தில் சேரவே சில வாரம் ஆகுமாம். "அந்த வட்டமே உங்க வீட்டுக்காரர் உடம்பு சண்டை போட்ட அடையாளம்தாங்க. அதப் பாத்தே மருந்து குடுத்திருக்கணும்" என்றார். வட்டம் மறைந்தபோது கிருமி மறையவில்லை, முக நரம்புக்குப் போய்விட்டது.

போன மாதம் பேசும்போது உங்களுக்கு வாய் குழறியது. வீடியோவையும் அணைத்து வைத்திருந்தீர்கள். கல்லங்குறிச்சிப் பெருமாள் முன்னால் குடியை விட்டுச் சத்தியம் செய்த மனுஷனை, மறுபடி ஆரம்பித்துவிட்டார் என்று நானே முடிவு கட்டினேன். என்ன ஏதென்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "குடிச்சுட்டு எங்கிட்ட பேசாதீங்க" என்று வைத்துவிட்டேன். பாதி முகம் இழுத்து, ஒரு கண் மூட முடியாமல் நின்றிருந்தீர்கள் என்று அண்ணன் சொன்னபோது, நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. நாங்கள் பயப்படுவோம் என்றுதான் முகத்தைக் காட்டவில்லையாமே.

இப்போது மருந்து ஆரம்பித்திருப்பதால் முகம் மெல்லச் சரியாகிவிடும் என்கிறார் டாக்டரம்மா. அப்பா வாய் கொஞ்ச நாள் கோணலாக இருக்கும் என்று பாப்பாவிடம் சொன்னேன். அவள் கண்ணாடி முன்னால் நின்று தன் வாயைக் கோணி, இப்படியா என்று கேட்கிறாள். என்னால்தான் பார்க்க முடியவில்லை.

அண்ணன் அங்கே வந்து சேர்ந்ததும், அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவேன். எடுங்கள் மாமா. வாய் குழறினால் குழறட்டும், நாலு வார்த்தை திட்டுங்கள். இந்தத் தடவை முழுசாகக் கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள்
மணிமொழி