தினமும் ஓட்ட எந்த வண்டி

ட்யூபிங்கன்
6 அக்டோபர் 1986

அன்புள்ள பெரிலுக்கு,

நீ இங்கிலாந்து போய்ச் சேர்ந்ததை உன் அக்கா மேவிஸ் போனில் சொன்னாள். "வந்துட்டா." அவ்வளவுதான், வைத்துவிட்டாள். நாம் போனில் பேசினால் நீ கத்துவாய், நான் ஊமையாகிவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

கணவனோடு கோபித்துக்கொண்டு பிறந்த ஊருக்குப் போகிற பெண்கள் எங்கும் உண்டு. கணவனின் காரையே எடுத்துக்கொண்டு போனவள் நீ ஒருத்திதான் இருப்பாய். அன்று காலை உன் பச்சை ஆங்கிலேய வண்டி கிளம்பாததை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். என் சாவியை எடுத்துக்கொண்டு நீ தெருமுனை திரும்பியதும் நான் இறங்கிப் போய் உன் வண்டியின் சாவியைத் திருகினேன். ஒரே திருகில் கிளம்பிவிட்டது. இதை எழுதாமல் இருந்திருக்கலாம்.

உன்னைக் கேட்காமல் அதை விற்கப் பேப்பரில் விளம்பரம் கொடுத்தேன், அதுதானே உன் குறை? ஆங்கிலேயர்கள் ஸ்போர்ட்ஸ் கார் செய்வது ஞாயிற்றுக்கிழமைக்காக. ஜெர்மானியர்கள் செய்வது திங்கள் முதல் சனி வரைக்கும். நீயோ தினமும் பிரசவ ஆஸ்பத்திரிக்கு ஓட்டுகிறவள். அதை விற்று, என்னுடையதைப் போலவே ஒன்று உனக்கு வாங்கித் தர நினைத்தேன். பல் டாக்டர் கெர்லாக் பார்க்க வந்து சக்கரத்தை உதைத்துப் பார்த்தது எனக்கும் பிடிக்கவில்லைதான்.

என் வண்டியில் டயர் காற்றை வாரம் ஒருமுறை பார். இஞ்சின் சூடாகும் முன் விரட்டாதே.

ரைன்ஹோல்ட்


லட்லோ
19 அக்டோபர் 1986

ரைன்ஹோல்டுக்கு,

'அன்புள்ள' போடவில்லை. கவனித்திருப்பாய். நீ எதைத்தான் விட்டாய்?

அந்தப் பச்சை வண்டி என் முதல் சம்பளத்தில் வாங்கியது. உன்னைப் பார்ப்பதற்கு முன்பே எனக்கு அதைத் தெரியும். யாரோ ஒருவர் வாசலில் நின்று அதை உதைக்கும்போது நீ பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாய். விற்பது நல்லதுக்கா கெட்டதுக்கா என்பது பிறகு. என்னை ஒரு வார்த்தை கேட்டாயா?

இங்கே ஜூன் முடியும்வரை கிராமத்துப் பிரசவம் பார்க்கிற வேலை கிடைத்திருக்கிறது. உன் சாம்பல் வண்டியில்தான் மலைப்பாதை ஏறி இறங்குகிறேன். அதன் வயிறு தரையைத் தேய்க்கிறது. சீருடைப் பாவாடையோடு அதிலிருந்து கௌரவமாக இறங்க எந்தப் பெண்ணாலும் முடியாது. போன வாரம் முன்மூடியைத் திறந்து என் பையை எடுத்தேன். பண்ணைக்காரர் ப்யூ எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன நர்ஸம்மா, இஞ்சின வழியில போட்டுட்டு வந்துட்டீங்களா?" என்றார். பின்னால் இருக்கிறது என்று சொன்னேன். நம்பவில்லை. போய்ப் பார்த்துவிட்டு வந்தும் நம்பவில்லை.

சொன்னபடி கேட்கிறது, சொன்ன நேரத்துக்குப் போகிறது. ஆனால் ஒரு வார்த்தை பேசாது. யாரை நினைவுபடுத்துகிறது என்று சொல்ல வேண்டுமா?

என் வண்டி கிளம்பாவிட்டால், இருக்கைக்குப் பின்னால் பெட்ரோல் பம்ப் இருக்கிறது. செருப்பைக் கழற்றி அதன் குதியால் மெல்லத் தட்டு. கெஞ்சியபடி தட்டு. திட்டினால் கிளம்பாது. விற்றாயோ, உன் வண்டி ஆட்டுக் கொட்டகைக்குப் போகும்.

பெரில்


ட்யூபிங்கன்
23 நவம்பர் 1986

அன்புள்ள பெரிலுக்கு,

நான் 'அன்புள்ள' போடுகிறேன்.

செருப்பு வேலை செய்கிறது. இருபது வருஷமாக இந்த ஊருக்கு மூக்குக்கண்ணாடி போட்டுவிடுகிற நான், கோட்டு சூட்டோடு ஒற்றைக் காலில் நின்று, கையில் ஷூவை வைத்துக்கொண்டு, "கொஞ்சம் தயவு பண்ணும்மா" என்று காரிடம் கெஞ்சுகிறேன். அதுவும் என் கடை வாசலிலேயே.

மழையில் துணிக்கூரை ஒழுகி என் இடது முழங்காலில் சொட்டுகிறது. வலது முழங்காலில் சொட்டாது. ஹீட்டர் ஒரு பாதத்தை வேகவைத்து மறு பாதத்தை உறையவைக்கிறது. மழைத் துடைப்பானைப் போட்டால் ரேடியோ நின்றுவிடுகிறது. இதில் எதையும் நீ என்னிடம் சொன்னதில்லை. ஒருவேளை சொல்லியிருப்பாய்.

செருப்புக்கும் மசியாத நாட்களில் எதிர்வீட்டுக்காரர் வந்து தள்ளுகிறார். அவர் பெயர் ஷ்டாங்கர், பள்ளி வாத்தியார், ஊதுகுழல் வாசிப்பார். பதினான்கு வருஷமாக என் வண்டி ஒழுங்காகக் கிளம்பிக்கொண்டிருந்ததால் இதெல்லாம் எனக்குத் தெரியாமலே போயிற்று. இப்போது காலையில் அவர் கோட்டு மாட்டிக்கொண்டு தயாராக நிற்கிறார். ஒரே தடவையில் கிளம்பிவிட்டால் அவருக்கு முகம் வாடிவிடுகிறது.

பெரிய சிக்கல், ஸ்டியரிங் வலப்பக்கம் இருப்பது. இங்கே லாரிக்குப் பின்னால் மாட்டினால் எதிரே வருவது எனக்குத் தெரியாது. அதனால் பக்கத்து ஊர் ராய்ட்லிங்கனில் இருக்கிற என் இன்னொரு கடைக்குப் போகும்போது திருமதி நேகெலேயை இடப்பக்கம் ஏற்றிக்கொள்கிறேன். அவர் "போங்க" என்றால் முந்துவேன்.

டாக்டர் கெர்லாக் விலையைக் கூட்டியிருக்கிறார். வசந்தத்தில் பார்க்கலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ரைன்ஹோல்ட்


லட்லோ
14 டிசம்பர் 1986

ரைன்ஹோல்டுக்கு,

எந்த நேகெலே? துணிக்கடை நேகெலேயா? ஒல்லியாக, சிவப்புக் கோட்டில், எதற்கெடுத்தாலும் கையைத் தட்டிச் சிரிப்பாளே, அவளா? பஸ்ஸெல்லாம் ஓடுகிறதல்லவா அந்த ஊரில்?

அது நீ உட்கார்ந்த சீட். நான் ஓட்டுவேன், நீ எட்டிப் பார்த்து "இப்போ போ" என்பாய். நம் வீட்டில் நீ தானாக வாயைத் திறந்து பேசியது பெரும்பாலும் அதுதான். எனக்குப் பொறாமை ஒன்றும் இல்லை. விவரத்துக்காகக் கேட்டேன்.

இனி எழுதப்போவதை நீ சட்டம் போட்டு மாட்டக்கூடாது. வியாழக்கிழமை நல்ல பனி. மலைமேல் கெதின் வீட்டுப் பெண்ணுக்கு வலி கண்டுவிட்டது. பின்னால் இஞ்சின் கனம் இருப்பதாலோ என்னவோ, உன் வண்டி பனியைப் பிடித்துக்கொண்டு ஒரு மூச்சில் ஏறியது. போய்ப் பார்த்தால் குழந்தையின் கழுத்தில் கொடி சுற்றியிருக்கிறது. ஒரு வழியாக எடுத்துவிட்டேன். பெண் குழந்தை, நன்றாக அழுதது. எனக்குப் பிறகு வந்த டாக்டர், "நீங்க லேட்டா வந்திருந்தா கஷ்டந்தான்" என்றார். என் வண்டியில் போயிருந்தால் மலையடிவாரத்தில் ஷூவும் கையுமாக நின்றிருப்பேன்.

வெளியே வந்து அதன் மூக்கைத் தடவிக் கொடுத்தேன். யாரும் பார்க்கவில்லை. நேரத்துக்குப் போய் நிற்பதும் ஒருவிதப் பிரியம்தான் போலிருக்கிறது. உன்னோடு இருந்தபோது அது எனக்கு வெறும் கடிகாரச் சத்தமாகத்தான் கேட்டது.

நேகெலே பற்றி உடனே எழுது.

பெரில்


ட்யூபிங்கன்
11 ஜனவரி 1987

அன்புள்ள பெரிலுக்கு,

குழந்தை விஷயத்தை ஷ்டாங்கருக்கும் படித்துக் காட்டினேன். மூக்கைத் தடவிய பகுதியை மட்டும் விட்டுவிட்டேன்.

ஆமாம், துணிக்கடை நேகெலேதான். செவ்வாய்க்கிழமை ஒரு லாரிக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தோம். "போங்க போங்க, ரோடு காலி" என்றார். போனேன். எதிரே பால் லாரி. உன் வண்டி சின்னது என்பதால் நடுவில் நெளிந்து ஒரு முள்ளங்கி வயலில் போய் நின்றது. இருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை, வண்டிக்கும்தான். நேராக அவரை என் கடைக்குக் கூட்டிப்போய்க் கண்ணைச் சோதித்தேன். பலகையில் முதல் வரியின் பெரிய எழுத்தே அவருக்குத் தெரியவில்லை.

"ஏம்மா, இத மொதல்லயே சொல்லக்கூடாதா?"

"நீங்க கேக்கலியே. அந்த வண்டில போறது ஜாலியா இருந்துச்சு, கெடுப்பானேன்னு இருந்துட்டேன்."

கண்ணாடி போட்டுவிட்டேன். ரோடு தெரிய ஆரம்பித்ததும் இனி இந்த வண்டியில் ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஆகவே சீட் காலி.

ஞாயிற்றுக்கிழமை கெர்லாக் வீட்டுக்கே வந்துவிட்டார். "விக்கல. என் மனைவியோட வண்டி. அவங்களக் கேக்காம விளம்பரம் குடுத்துட்டேன்" என்றேன். "அப்போ அவங்கள கூப்பிடுங்க, நான் பேசறேன்" என்றார். "அவங்க என் வண்டிய எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க" என்றேன். எதிரே ஷ்டாங்கர் சிரித்த சிரிப்பு தெருக்கோடி வரை கேட்டது.

அவரவர் வண்டி அவரவரிடம் இருப்பதுதான் முறை. மார்ச் ஏழாம் தேதி, சனிக்கிழமை, பாதி வழியில் ஆஸ்டெண்ட் துறைமுகத்தில் மாற்றிக்கொள்ளலாமா? உனக்கு அவசரமில்லை என்றால் எனக்கும் இல்லை.

ரைன்ஹோல்ட்


லட்லோ
12 மார்ச் 1987

அன்புள்ள ரைன்ஹோல்டுக்கு,

என் வண்டி என்னை வீடு கொண்டுவந்து சேர்த்துவிட்டது. கூரை ஒழுகவில்லை. நீதான் தைத்திருக்கிறாய். பிசிறில்லாத தையல், உன் கைதான். ஆஸ்டெண்டில் சாப்பாட்டு மேஜையில் இதைப் பற்றி மூச்சு விடவில்லையே.

வழியெல்லாம் அந்த மேஜையைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். ஐந்து மாதம் கழித்துப் பார்க்கிறோம். ஒரு சட்டி சிப்பியும் வறுத்த உருளைக்கிழங்கும் ஆறிப்போகிற வரை என்ன பேசினோம்? நீ ஆங்கிலேய வண்டிக்காக வாதாடினாய். தினமும் ஓட்டுகிற வண்டிக்கு உயிர் இருக்க வேண்டும், நாலு பேரோடு பழகவைக்க வேண்டும் என்றாய். நான் ஜெர்மன் வண்டிக்காக மேஜையைத் தட்டினேன். தினமும் ஓட்டுகிறவளுக்குப் போய்ச் சேர்வதுதான் முக்கியம் என்றேன். பரிமாறிய பையன் பொறுக்கமுடியாமல் கேட்டான், "நீங்க ரெண்டு பேரும் கார் விக்கிறவங்களா?" நீ, "இல்லப்பா, கல்யாணம் ஆனவங்க" என்றாய். 'ஆனவங்க' என்றாய், 'ஆகியிருந்தவங்க' என்று சொல்லவில்லை. நான் கவனித்தேன்.

அதற்குப் பிறகும் சாவியை மாற்றிக்கொண்டோம், கை குலுக்கினோம், நீ கிழக்கே போனாய், நான் கப்பலேறினேன். கைகுலுக்கினோம் ரைன்ஹோல்ட், பல் டாக்டரும் நீயும் போல.

ஜூன் வரை எனக்கு வேலை இருக்கிறது, விட்டு வர முடியாது. வந்தாலும் பழைய மாதிரி இருக்க முடியாது. ஆனால் ஈஸ்டருக்கு நீ இங்கே வரலாம். மேவிஸ் மாடி அறையைத் தருகிறாள்.

ஒரே நிபந்தனை. காரில் வராதே. ரயிலில் வா. நானும் ஸ்டேஷனுக்கு நடந்துதான் வருவேன். வண்டியைத் தவிர வேறு எதைப் பற்றியாவது நம்மால் பேச முடிகிறதா என்று பார்ப்போம்.

அன்புடன்,
பெரில்


ட்யூபிங்கன்
18 மார்ச் 1987

அன்புள்ள பெரில்,

ரயில் டிக்கெட் எடுத்துவிட்டேன்.

வேறு எதைப் பற்றிப் பேசுவது என்று மூன்று நாளாக யோசிக்கிறேன். ஒன்றும் தோன்றவில்லை. ஷ்டாங்கரிடம் கேட்டேன், அவருக்கும் தோன்றவில்லை.

இருந்தாலும் வருகிறேன்.

உன்
ரைன்ஹோல்ட்