சுத்தமான கை

முதலியார்பேட்டை,
12.8.1984

அன்புத் தம்பி ஜானகிராமனுக்கு,

பக்கிரி எழுதுவது. யாரையும் வைத்து எழுதவில்லை, நானே எழுதுகிறேன். முதியோர் கல்வி வகுப்பில் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. நெல்லித்தோப்புக்குச் சைக்கிளில் வந்தால் பத்து நிமிஷம்தான். ஆனாலும் தபாலில் போட ஆசை. இந்த நாலு வரிக்கே ஒரு காலைப்பொழுது போய்விட்டது. 'ழ' மட்டும் இன்னும் என் கைக்கு அடங்கவில்லை.

மில்லில் ஆட்களைக் குறைத்தபோது நீயும் நானும் தொடங்கிய சிறுதொழில் வட்டத்தில் இப்போது பதினொரு பேர். வேலை போன வீட்டுக்கு முதலில் வேலை கொடுக்க வேண்டும், ஒருவர் பொருளை மற்றவர் வாங்க வேண்டும், எல்லாம் நம் பொதுக் கடையில் விற்க வேண்டும் என்றோம். நடக்கிறதே! என் விளக்குத்திரி வேலையிலும் மூன்று பெண்கள் இருக்கிறார்கள்.

மில்லில் கூட்டிப் பெருக்கிய கன்னியம்மாளை உனக்குத் தெரியும். சேரியில் ஐந்து பேரைச் சேர்த்து அப்பளம் போடுகிறாள். வட்டத்தில் சேரக் கேட்கிறாள். நீ வாசித்துக் காட்டிய ஏழாவது விதியைச் சொன்னேன்: 'உணவுப் பொருள் சுத்தமான கையால் செய்யப்பட வேண்டும்.' ஆறு பேருக்கும் சோப்பு வாங்கிக் கொடுத்தேன். நகம்கூட வெட்டிக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு அழைத்து வருகிறேன்.

அன்புள்ள அண்ணன்,
பக்கிரி

நெல்லித்தோப்பு,
20.8.1984

மரியாதைக்குரிய பக்கிரி அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தைக் கண்ணாடி போட்டு மாட்டலாம், அவ்வளவு மகிழ்ச்சி. வெள்ளிக்கிழமை கூட்டத்தில் கன்னியம்மாள் வந்து நின்றபோது யாரும் பேசவில்லை என்று வருந்த வேண்டாம். பார்த்துச் செய்வோம்.

அக்டோபர் ஏழாம் தேதி நம் இரண்டாம் ஆண்டு விழா. பெரிய அதிகாரி ஒருவர் வருகிறார். அறுபத்தாறு வயதில் எழுத்தறிந்த மில் தொழிலாளி மேடையில் விதிகளை வாசித்தால் வட்டத்துக்கே பெருமை. கடைக்காரர் வேம்புவிடம் வட்டத்தின் விதிகளும் கூட்டக் குறிப்புகளும் உள்ள நோட்டைக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். முதல் இரண்டு பக்கம் போதும். வாசித்துப் பழகுங்கள்.

தங்கள் தம்பி,
ஜானகிராமன்

முதலியார்பேட்டை,
2.9.1984

தம்பி,

இரண்டு பக்கம் போதும் என்றாய். எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. கிடைத்ததையெல்லாம் படிக்கிற வயது எனக்கு இப்போதுதான் வந்திருக்கிறது.

பதினான்காம் பக்கம். உன் கையெழுத்து முத்துமுத்தாக இருக்கிறது. 'அப்பளம் செய்வோர் சேரியைச் சேர்ந்தவர்கள் ஆதலால், ஏழாவது விதிப்படி ஏற்பதற்கில்லை. ஒருமனதாக முடிவு செய்யப்பட்டது.' நான்தான் தப்பாக எழுத்துக் கூட்டுகிறேன் என்று மூன்று முறை படித்தேன்.

கீழே பத்துக் கையெழுத்து, ஒரு கைநாட்டு. அன்று கூட்டம் முடிந்ததும் வருகைப் பதிவு என்று நீட்டினாய். நான் பேனாவை எடுத்தேன். "அண்ணே, நீங்க எழுதி முடிக்கறதுக்குள்ள கடையே மூடிடுவாங்க, கைநாட்டே வச்சிடுங்க" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

முறுக்கு போடும் கோவிந்தசாமியிடம் கேட்டேன். "சோப்பு போட்டா போவுற அழுக்கா அது? நீ ஒருத்தன்தான்யா நெசமாவே சோப்பு வாங்கினவன்" என்றார். இரண்டு வருஷம் அவர் முறுக்கைத் தின்ற வாய். வீட்டுக்கு வந்து கொப்பளித்தேன்.

என்னை நினைத்தாலும் அருவருப்பாக இருக்கிறது. அந்தப் பெண்ணின் விரலைப் பிடித்துப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் ஒட்ட வெட்டு" என்று சொன்னேனே.

தீர்மானத்தை அடித்துவிட்டு அவளைச் சேர். இல்லையென்றால் விழாவில் பதினான்காம் பக்கத்தையும் வாசிப்பேன்.

பக்கிரி

நெல்லித்தோப்பு,
10.9.1984

அன்பு அண்ணனுக்கு,

சத்தியமாக எனக்கு அந்த எண்ணம் கிடையாது. ஆனால் அவளைச் சேர்த்தால் ஏழு பேர் விலகுகிறோம் என்கிறார்கள். வட்டம் உடைந்தால் முப்பது வீட்டு அடுப்பு அணையும். கொஞ்ச காலம் போகட்டும் அண்ணே.

விழாவில் வாசிப்பை எடுத்துவிட்டோம். முன்வரிசையில் உங்களுக்கு நாற்காலி உண்டு. நோட்டை வேம்புவிடம் கொடுத்துவிடுங்கள்.

தங்கள் தம்பி,
ஜானகிராமன்

முதலியார்பேட்டை,
8.10.1984

செயலாளர் அவர்களுக்கு,

நோட்டு வேம்பு கையில் வருகிறது. என் கைநாட்டுக்குப் பக்கத்தில் 'இதில் எனக்குச் சம்மதமில்லை' என்று எழுதியிருக்கிறேன். பக்கத்தைக் கிழிப்பது உங்கள் இஷ்டம். வட்டத்திலிருந்து என் பெயரை எடுத்துவிடவும். திரி வேலையில் இரண்டு பெண்கள் என்னோடு வருகிறார்கள். ஒருத்தி உங்களிடமே இருந்துகொள்கிறாளாம். அவள் பாடு அவளுக்கு. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் திரியை நானே விற்கிறேன்.

நேற்று விழாவில் நீங்கள் அதிகாரிக்கு மாலை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் கன்னியம்மாள் வீட்டுக்குப் போனேன். அந்தப் பக்கத்தைத் தாளில் எழுதி எடுத்துப்போய் அவளுக்குப் படித்துக் காட்டினேன். அவள் மாவு உருட்டுவதை நிறுத்தவில்லை.

"இது தெரிஞ்சதுதானே பெரியவரே. நீங்க சோப்பு வாங்கியாந்தப்பவே தெரியும்."

"அப்புறம் ஏம்மா கூட்டத்துக்கு வந்தே?"

"நீங்க அவ்ளோ சந்தோஷமா இருந்தீங்க. எப்படி வரலன்னு சொல்றது?"

அதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை.

இப்படிக்கு,
ஆ. பக்கிரி