இடது பக்கம் வளைகிற வெட்டு

அலுவிகாரை,
செவ்வாய்க்கிழமை.

தர்ஷிகாவின் அப்பாவுக்கு, பிரதீபா எழுதுவது.

சுகமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். எனக்குக் கை வரவில்லை. நீங்கள் சுகமாக இருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இல்லை. இங்கே நாங்கள் மூன்று பேரும் இருக்கிறோம். தர்ஷிகா ஓ.எல். பரீட்சைக்குப் படிக்கிறாள், கணக்கில் மட்டும் இன்னும் உங்கள் மகள்தான். அத்தைக்கு முழங்கால் வலி கூடிவிட்டது. நான் கடையைத் திறக்கிறேன், மூடுகிறேன், மற்றவர்களுடைய மரம் வெட்டுகிற செயின் சோ மெஷின்களைத் திருத்திக் கொடுக்கிறேன்.

இதைத் தபாலில் போடவில்லை. எந்த விலாசத்துக்குப் போடுவது? ஒரு செயினைச் சுற்றி, பொலித்தீனில் கட்டி, ஜவாஹிர் நானாவிடம் கொடுக்கப்போகிறேன். அவர் ரிவர்ஸ்டன் பாதையில், மண் சரிந்த இடத்துக்குக் கீழே, மரம் வெட்டும் கொந்தராத்து எடுத்திருக்கிறார். நல்ல மனிதர். எதற்கு என்று கேட்காமல் கொண்டுபோவார்.

உங்களுக்கு எவ்வளவு தெரியும், எவ்வளவு தெரியாது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். போன கார்த்திகை மழையில் ரோட்டில் விழுந்த மரங்களை வெட்டி அகற்ற நீங்கள் ஐந்து பேர் போனீர்கள். மத்தியானம் மலை சரிந்தது. மற்ற நாலு பேரும் வீடு வந்து சேர்ந்தார்கள். ஆமிக்காரர்கள் பதினொரு நாள் தோண்டினார்கள். உங்கள் செருப்புக்கூடக் கிடைக்கவில்லை, மெஷினும் கிடைக்கவில்லை. ஒரு வருடம் முடியப் போகிறது. கிராம சேவகர் கொடுத்த பத்திரத்தில் விஜேந்திரன் என்ற பெயருக்குக் கீழே நான் கையெழுத்துப் போட்டால் நீங்கள் செத்தவர். வருகிற வெள்ளிக்கிழமை சுது கங்கைக் கரையில் உங்களுக்குக் கருமாதி செய்ய அத்தை நாள் குறித்துவிட்டார்கள். உடம்பு இல்லாததால் வைக்கோலில் உருவம் கட்ட வேண்டுமாம். செய்யாமல் விட்டால் தன் பிள்ளை அலையும் என்கிறார்கள். பெற்றவள் சொல்வதை நான் எப்படி மறுப்பேன்? ஆனாலும் ஏழு மாதமாக இழுத்தடித்தேன். ஏன் என்று சொல்கிறேன்.

பங்குனியில் ஜவாஹிர் நானா தன் மெஷினைக் கொண்டுவந்தார். ஸ்டார்ட் ஆகிறது, ரேஸைக் குறைத்தால் நின்றுவிடுகிறது என்றார். கிளட்ச் மூடியைக் கழற்றினேன். மரத்தூளும் ஒயிலும் சேர்ந்து களி மாதிரி அடைத்துக் கிடந்தது. சுரண்டி எடுத்தேன், ஃபில்டரைக் கழுவினேன், பிளக்கைத் துடைத்தேன். கார்பரேட்டர் ஸ்க்ரூவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, சத்தம் சீராகும்வரை காதைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். உனக்குக் காதே இல்லை என்று கேலி செய்வீர்களே, அந்தக் காதால்தான் இப்போது மூன்று வயிறு நிறைகிறது. பிறகு முற்றத்துக் கட்டையில் வைத்து வெட்டிப் பார்த்தேன். பாதி வரை நேராக இறங்கிய வெட்டு இடது பக்கம் வளைந்தது.

உடனே மெஷினை நிறுத்திச் செயினைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வலப்பக்கப் பற்கள் எல்லாம் குட்டை, இடப்பக்கப் பற்கள் நெட்டை. லொறி சில்லு கழற்றப்போய் உங்கள் மணிக்கட்டு முறிந்ததிலிருந்து நீங்கள் அரம் பிடித்துக் கூராக்கிய செயின் எல்லாம் இப்படித்தான். ஒரு பக்கம் அழுத்தி மூன்று இழுப்பு, மறுபக்கம் வலிக்கிறதென்று பூனைக்குத் தடவுகிற மாதிரி ஒன்றரை இழுப்பு. உங்களுக்குத் தெரியாமல் நான் மறுபக்கத்தைச் சரிசெய்துதான் ஆட்களிடம் கொடுப்பேன். இதை இன்றைக்குத்தான் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம்.

உலகத்தில் எத்தனை பேருக்குக் கை கோணல் என்று மனதைத் தேற்றிக்கொண்டு இரண்டு பக்கமும் சமமாக அரம் பிடித்துக் கொடுத்தேன். மூன்றாம் கிழமை திரும்பி வந்தது. மறுபடியும் இடது பக்கம். வைகாசியில் வந்தது, ஆடியில் வந்தது. கடைசியில் அவரிடமே கேட்டேன், உங்கள் ஆட்களில் யார் செயினுக்கு அரம் பிடிப்பது என்று. அவர் என்னைத்தான் விசித்திரமாகப் பார்த்தார்.

“நாங்க ஒருத்தரும் புடிக்கிறல்லயே புள்ள. மெஷின கட்டைல வச்சிட்டு சோறு தின்னப் போவோம். வந்து பாத்தா செயின் பிளேட் மாதிரி இரிக்கும்” என்றார்.

முதலில் அவருடைய ஆட்கள் ஒருவர் செய்ததாக மற்றவர் நினைத்திருக்கிறார்கள். பிறகு ஒருவரை ஒருவர் கேட்டிருக்கிறார்கள். ரத்தோட்டைக்காரர் இரண்டு பேர் ஹொல்மன் என்று சொல்லி அடுத்த நாளே வேலையை விட்டுவிட்டார்களாம். அவர்களுக்குப் பேய் என்று பட்டது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பைத்தியம்தான். மண்ணுக்குள்ளிருந்து எப்படியோ தப்பி, தலையில் அடிபட்டு, சினிமாவில் வருகிற மாதிரி பேர் ஊர் மறந்து, தோட்டத்து ஆட்கள் விட்டுப்போன லயத்து வீட்டில் ஒளிந்திருக்கிறீர்கள் என்று கதை கட்டிக்கொண்டேன். ஏழு மாதமும் அந்தக் கதையைத்தான் தின்று வாழ்ந்தேன்.

போன வியாழக்கிழமை ஜவாஹிர் நானாவின் வேனில் மலைக்கு மேலே வந்தேன். அத்தையிடம் ரத்தோட்டைக்குச் சாமான் எடுக்கப் போவதாகப் பொய் சொன்னேன். அங்கே லயத்தில் இப்போது யாரும் இல்லை, கதவுகளையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஜவாஹிர் நானா ஒரு டர்பன்டைன் மரத்து அடிக்கட்டையில் மெஷினை வைத்தார். செயின் மொண்ணையாகி மாவு மாதிரித் தூள் தள்ளிக்கொண்டிருந்தது. அவர்கள் தண்ணீர் விழுகிற பீலிக்கரைக்குச் சாப்பிடப் போனார்கள். நான் லயத்துத் தாழ்வாரத்தில், இருபதடி தள்ளி உட்கார்ந்தேன்.

உச்சி வெயில் நேரம். நல்ல வெளிச்சம். திடீரென்று பனிமூட்டம் இறங்கியது. கட்டை மறைந்தது, பிறகு முற்றம் மறைந்தது, என் மடியில் கிடந்த கையே எனக்குத் தெரியவில்லை. பறவைச் சத்தம் நின்றுபோனது.

அப்போதுதான் அரம் கேட்டது. அழுத்தி மூன்று இழுப்பு. செயினை நகர்த்துகிற சத்தம். ஒன்றரை இழுப்பு. மறுபடி நகர்த்துகிற சத்தம். நான் பற்களை எண்ணிக்கொண்டே இருந்தேன், எண்ணாமல் இருந்தால் கத்திவிடுவேன் போல இருந்தது. நாலைந்து பல்லுக்கு ஒரு முறை, இரும்புத்தூளை ஊதுகிற மூச்சு. அந்த மூச்சை எனக்குத் தெரியாதா? பதினெட்டு வருடம் பக்கத்தில் படுத்துக் கேட்ட மூச்சு. ஆனால் அது இழுத்து இழுத்து வந்தது, களைத்துப்போன ஆள் விடுகிற மாதிரி.

கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிடத்தான் வந்தேன். இருபதடி நடந்தால் கையைப் பிடித்திருக்கலாம். நீங்கள் திரும்பிப் பார்த்தால் முகம் எப்படி இருக்குமோ, முகம் என்று ஒன்று இருக்குமோ என்று நினைத்தேன். நினைத்ததும் எழுந்து ஓடினேன். ஒரு செருப்பைச் சேற்றில் விட்டுவிட்டு, விழுந்து எழுந்து, பீலிக்கரை வரை ஓடினேன். கட்டிய புருஷனுக்குப் பயந்து ஓடியவள் நான். என்னைத் திட்டுங்கள்.

மூட்டம் கலைந்ததும் ஜவாஹிர் நானாவோடு திரும்பி வந்து பார்த்தேன். செயின் முழுவதும் அரம் பிடித்து முடிந்திருந்தது. கட்டையில் இரும்புத்தூள் புதிதாக மின்னியது. சுற்றிலும் சேறு. எங்கள் காலடிகள் மட்டும் இருந்தன. வேறு ஒருவருடைய காலடியும் இல்லை. தேடித் தேடிப் பார்த்தேன். ஜவாஹிர் நானா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

இனி மறைக்க ஒன்றும் இல்லை. இதுவரை ஒருவரிடமும் சொல்லாததையும் எழுதிவிடுகிறேன். அன்றைக்குக் காலையில் உங்களோடு சண்டை போட்டேன். இந்த மழையில் போகாதீர்கள் என்றேன், கேட்கவில்லை. செயினுக்கு அரம் பிடித்துத் தா என்று நீட்டினீர்கள். நான் வாங்கவில்லை.

“கையிருக்குல்ல? மேல போய் நீங்களே ஒக்காந்து புடிச்சுக்கங்க” என்றேன்.

நீங்கள் அரத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனீர்கள். மத்தியானம் மற்றவர்கள் சோறு தின்ன இறங்கினார்களாம். உங்களையும் கூப்பிட்டார்களாம். செயின் மொண்ணை, அரம் பிடித்துவிட்டு வருகிறேன் என்று நீங்கள் ஒருவர் மட்டும் கட்டையில் உட்கார்ந்தீர்களாம். இழவு விசாரிக்க வந்த அன்றைக்கு அவர்கள் இதைச் சொன்னபோது எல்லோரும் அழுதார்கள். நான் அழவில்லை. காலையில் நான் பத்து நிமிடம் கை நீட்டியிருந்தால் நீங்களும் சோற்றுப் பார்சலோடு இறங்கியிருப்பீர்கள்.

நான் சொன்னதைத்தான் இன்னும் செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று போன வியாழக்கிழமைதான் எனக்கு விளங்கியது. உங்களுடைய செயினா, ஊரான் செயினா என்றுகூடப் பார்க்காமல், மொண்ணையாக எது வந்தாலும் உட்கார்ந்துவிடுகிறீர்கள். அந்தக் குளிரில், அந்த மணிக்கட்டோடு. போதும். கோபத்தில் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். என் ராசா, போதும்.

இதோடு வருகிற செயின் உங்கள் மெஷின் அளவுக்கு வாங்கியது. ஒரு மரத்தையும் தொடவில்லை. ஆனாலும் நேற்றுப் பகல் முழுவதும் உட்கார்ந்து, ஒவ்வொரு பல்லுக்கும் நானே அரம் பிடித்தேன், இரண்டு பக்கமும் ஒரே அளவு. அன்றைக்குக் காலையில் பிடித்திருக்க வேண்டியது. வியாழக்கிழமை மத்தியானம் ஜவாஹிர் நானா அதை அந்தக் கட்டையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போவார். கட்டைவிரலால் தடவிப் பாருங்கள். உங்களுக்குச் செய்ய அதில் ஒரு வேலையும் இல்லை. உயிரோடு இருக்கிறீர்கள் என்றால், யார் என்ன சொன்னாலும் சரி, எழுந்து அவருடைய வேனில் ஏறி வந்துவிடுங்கள். வர முடியாத இடத்தில் இருக்கிறீர்கள் என்றால் அரத்தைக் கீழே வையுங்கள். மற்றவர்கள் அன்றைக்கே சாப்பிட்டு முடித்துவிட்டார்கள், நீங்களும் போய்ச் சாப்பிடுங்கள். வெள்ளிக்கிழமை தர்ஷிகாதான் உங்களுக்குச் சோறு வைப்பாள்.

மாரியம்மன் உங்களுக்கு வழித்துணையாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
வெள்ளிக்கிழமை வரைக்கும் உங்கள் மனைவி,
பிரதீபா.